தங்கச்சி வீட்டுக்கு லைன் கிடைத்த நாள்

என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் கணவருக்கும் அப்படித்தான். மலைக்குக் கீழே ஒரு விடுதிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், மாமியாரோடு இருந்தாள். தொழிற்சாலையில் தூள் பொட்டலம் கட்டும் வேலை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் சேர்ந்து, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான் வந்து போனார்.

நான் அதே மலையில் உள்ள பிரிஞ்சாங் நகரத்தில் இருக்கிறேன். ஹோட்டல்களுக்கு இணைய இணைப்பு கொடுப்பதும் கேமரா பொருத்துவதும் என் பிழைப்பு. ஒரு மழை நாளில் தங்கச்சியைப் பார்க்க மோட்டாரில் போனபோது, லயத்துக்கு மேலே சாலை வளைவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். லயம் இருப்பது மலை மடிப்புக்குள். அங்கே கைப்பேசிக்கு லைன் வராது. வளைவில் மட்டும்தான் கொஞ்சம் கிடைக்கும். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கைப்பேசி. திரையில் மாப்பிள்ளை வேகமாக ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பேச அவளுக்குக் கை இல்லை. கடைசியில் குடையைக் கீழே போட்டாள், கைப்பேசியைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு இரண்டு கையாலும் பேசப் பார்த்தாள். அப்படிச் சொருகினால் அவள் கை அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் லைனும் போய்விட்டது. நனைந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் நின்று தேநீர் குடிக்கும்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மேட்டில், தேயிலைத் தொழிற்சாலையின் கூரை. அங்கே நல்ல இணைப்பு உண்டு. நடுவில் மரம் இல்லை, கட்டடம் இல்லை, தேயிலை மட்டும்தான். வெறும் வெளி.

தோட்டத்து மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவரும் தமிழர்தான், ஆனால் லயத்தில் இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள்.

“லைன் எடுத்துட்டுப் போய் என்னா செய்யப் போறீங்க?”

“என் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட பேசணும் சார்.”

“அவங்களுக்குத்தான் காது கேக்காதே. எப்படிப் பேசுவாங்க?”

“கையாலதான் சார். அதுக்குத்தான் வீடியோ வேணும்.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். “இத்தன வருசமா இங்க வேல செய்யறாங்க. நான் அவங்ககிட்ட தலைய ஆட்டுறதோட சரி,” என்றார். பிறகு, “சரி லா. ஆபீஸ் கம்பியூட்டர் எதையும் தொடாம செய்யுங்க. கூரை வழுக்கும், மழையில ஏறாதீங்க,” என்றார்.

அலுவலகத்தின் வலையைத் தொடாமல், விருந்தினருக்கென்று தனியாக ஒரு வலையை அங்கிருந்த ரூட்டரிலேயே பிரித்துக்கொண்டேன். பள்ளத்தைத் தாண்டிக் காற்று வழியாகவே இணைப்பைக் கடத்துவதைத் தொழிலில் பாலம் என்போம்; அதற்கான இரண்டு கருவிகளையும் வீட்டில் மேசைமேல் எதிரெதிரே வைத்துத் தயார் செய்தேன். சின்னச் சோற்றுத் தட்டு அளவில், வெள்ளையாக இருக்கும். ஒன்றை அனுப்புகிறவனாகவும் மற்றதைக் கேட்கிறவனாகவும் வைத்து, இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்து, பால முறையில் போட்டேன்.

தொழில் தெரியாதவர்களுக்கு நான் இதை இப்படித்தான் சொல்வேன். ரூட்டர் தோட்டத்தில் ஆட்களை ஏவும் கங்காணி மாதிரி. வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு தேயிலை நிரையைக் காட்டி, நீ இங்கே நில், நீ அங்கே போ என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பாலம் அப்படியில்லை. அது யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்காது. இந்தக் கரையில் ஏறியதை அந்தக் கரையில் அப்படியே இறக்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். தங்கச்சி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில் ஒரு தட்டை முதலில் கட்டினேன். மாமியார் கீழே நின்று பார்த்தார்.

“தம்பி, அது என்னா சட்டி? இடி கிடி விழுந்திடப் போவுது.”

“கம்பி போட்டு மண்ணுல இறக்கிடுவேன் அத்த. பயப்படாதீங்க.”

“மவன் மூஞ்சி அதுல தெரியுமா?”

“அதுல தெரியாது. அது வழியா வரும். போன்லதான் பாக்கணும்.”

அவர் அந்தத் தட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நம்பாமல் உள்ளே போனார்.

இரண்டு தட்டும் ஒன்றை ஒன்று நேராகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் லைன் மெலிந்துவிடும். வழக்கமாக இந்தக் கரையில் ஓர் ஆள், அந்தக் கரையில் ஓர் ஆள் நின்று கைப்பேசியில் சொல்லிச் சொல்லித் திருப்புவோம். இங்கே கைப்பேசி வேலை செய்யாது. கத்தினால் பாதிப் பள்ளத்திலேயே காற்று தின்றுவிடும். தவிர, எதிர்க்கரையில் ஏணியில் ஏறி நிற்கப் போகிறவள் என் தங்கச்சி. கத்தி என்ன பயன்?

ஆனால் அவளோடு பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வேறு வழி உண்டு. அவள் பள்ளிக்குப் போவதற்கு முன்பே நாங்கள் இருவரும் வீட்டில் உண்டாக்கிக்கொண்ட சைகைகள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளினால் தேயிலை. தலையில் தொப்பி வைத்தால் துரை. என் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதால், புருவத்தைத் தொட்டால் நான்.

தொழிற்சாலைக் கூரையில் ஏறி, என் தட்டைக் கட்டி, மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பறவை பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்காக ஒரு ஹோட்டலில் வைத்திருக்கும் தொலைநோக்கியை இரவல் வாங்கி வந்திருந்தேன். அதில் பார்த்தால் எதிரே ஏணியில் அவள், தலையில் துணி கட்டி, என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் தொலைநோக்கி இல்லை. அதனால் நான் ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கையை முழுதாக வீசினேன். இடது. இன்னும். கொஞ்சம் மேலே. போதும் போதும், பின்னால்.

ஒவ்வொரு வீச்சுக்கும் எதிர்க்கரையில் அவள் கை அசைந்தது. கணினியில் இணைப்பின் பலத்தைக் காட்டும் கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்து நிறுத்து என்றேன். அவள் திருகாணியை முடுக்கினாள். பிறகு தொலைநோக்கியில் பார்த்தால், புருவத்தைத் தொட்டு, வயிற்றைப் பெரிதாகக் காட்டி, கூரையைக் காட்டி, உள்ளங்கையை அப்படியே கீழே சரித்தாள். நீ இருக்கிற கனத்துக்குக் கூரை இடிந்து விழும், சீக்கிரம் இறங்கு. ஆளே இல்லாத கூரையில் நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன். இத்தனை பெரிய பள்ளத்தைத் தாண்டி ஒரு கேலி ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது!

மோட்டாரில் சுற்றிக்கொண்டு லயத்துக்கு வந்து, தட்டிலிருந்து வந்த கம்பியை அவள் வீட்டுக்கென்று நான் கொண்டுவந்திருந்த ரூட்டரில் மாட்டினேன். கைப்பேசியில் வைஃபை முழுதாகக் காட்டியது. ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் பாலத்தைச் சோதித்தேன், அது நன்றாக இருந்தது. கம்பிகளை மாற்றிப் பார்த்தேன். வியர்க்க ஆரம்பித்தது. மாமியார் வேறு அடுப்படியிலிருந்து, “வருமா வராதா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் விளங்கியது. நான் மாட்டிய ரூட்டரும் தொழிற்சாலை ரூட்டரும் ஒரே முகவரியைத் தமது என்று சொல்லிக்கொண்டிருந்தன, இரண்டும் ஆளுக்கு ஆள் நிரை பிரித்துக்கொண்டிருந்தன. ஒரே மலையில் இரண்டு கங்காணிகள் நின்று ஏவினால் யார் எந்த நிரைக்குப் போவது? வீட்டு ரூட்டரின் முகவரியை மாற்றி, முகவரி பங்கிடும் வேலையிலிருந்து அதை நிறுத்தினேன். இனி அது காற்றில் வைஃபை விட்டால் போதும். அணைத்துப் போட்டேன். தங்கச்சியின் கைப்பேசி அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. வந்து சேராமல் எங்கோ கிடந்த செய்திகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

அந்நேரம் மூடுபனி இறங்கியது. இங்கே அது புதிதில்லை, பிற்பகலானால் வரும். பள்ளம் நிரம்பி, எதிர் மேடு மறைந்து, கூரையும் மறைந்து, வாசலுக்கு வெளியே வெள்ளை மட்டும் நின்றது. இத்தனை வருடம் இதே வேலை செய்கிறேன், இந்த அலை பனிக்கு அஞ்சாது என்று படித்தும் இருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு ரூட்டரின் பச்சை விளக்கையும் வெளியே இருந்த வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கு எதிர்க்கரையே இல்லை. இணைப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. என் கையால் கட்டியதுதான், இருந்தும் உடம்பு சிலிர்த்தது.

தங்கச்சி கைப்பேசியை மிலோ டின்னில் சாய்த்து வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை திரையில் வந்தார். அவளுக்கு இப்போது இரண்டு கையும் இருந்தன.

அவள் பேச ஆரம்பித்ததும் நான் திகைத்துப் போனேன். எங்கள் வீட்டில் அவள் அமைதியான பெண். சோறு, வேலை, மழை, துரை என்று எங்களுக்குள் இருந்தது கொஞ்சம் சைகைகள்தான். இங்கே அவள் கை போன வேகத்தை என்னால் தொடரவே முடியவில்லை. அது பள்ளியில் கற்ற முழு மொழி. புருவம், தோள், கன்னம் எல்லாம் பேசின. யாரோ ஒருவரைப் போல் நடித்துக் காட்டினாள், அவர் குலுங்கிச் சிரித்தார். கோபித்தாள், கெஞ்சினாள், நடுவில் வெட்டிப் பேசினாள். என் தங்கச்சி வாயாடி! முப்பது வயது தாண்டிய பிறகு அது எனக்குத் தெரியவருகிறது. ஏதோ ஒரு பெரிய மரத்தின் கிளை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, இதுதான் மரம் என்று இருந்திருக்கிறேன்.

மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் கேட்டார். மகனிடம் பேச அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னா சொல்றான்?” என்று மாமியார் என்னைக் கேட்டார்.

எனக்கும் புரியவில்லை. தங்கச்சி என் பக்கம் திரும்பி, எங்கள் பழைய வீட்டுச் சைகையில் மெதுவாகச் சொன்னாள். நான் அதைத் தமிழில் அத்தையிடம் சொன்னேன்.

“அவரு வேலை செய்யற எடத்துல சாமான் தூக்குற வண்டி ஓடுமாம். அது போனா தரை அதிருமாம்.”

“சரி.”

“சின்ன வயசுல நீங்க அவர கூப்பிடணும்னா பலகைத் தரைய காலால தட்டுவீங்களாம்.”

“ஆமா. கூப்பிட்டா கேக்காதே. தட்டுனா திரும்பிடுவான்.”

“இப்பவும் அங்க தரை அதிர்ந்தா, அம்மா கூப்புடுதுன்னு திரும்பிப் பாக்கறாராம். கூட வேல செய்யறவங்க சிரிக்கறாங்களாம்.”

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னை அறியாமல் எழுந்து நின்று, வீட்டுப் பலகைத் தரையைக் காலால் ஓங்கித் தட்டினார். மிலோ டின் ஆடியது, கைப்பேசி குலுங்கியது. சிங்கப்பூரில் மாப்பிள்ளைக்குப் படம் குலுங்கியிருக்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்து திரையை உற்றுப் பார்த்தார். புரிந்ததும் கையை உயர்த்தி, இருக்கிறேன் அம்மா என்று காட்டினார். அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அத்தை மறுபடி தட்டினார். அவர் மறுபடி கை உயர்த்தினார். பக்கத்து வீட்டிலிருந்து, “என்னா அக்கா, தரைய ஒடைக்கறீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது.

அதன் பிறகு அந்த இணைப்பு அந்த வீட்டோடு நிற்கவில்லை. துரையிடம் மறுபடி கேட்டு, லயத்து மற்ற வீடுகளுக்கும் கம்பி இழுத்தேன். ஒருமுறை இடியில் தட்டு ஒன்று கருகியது. தங்கச்சி பஸ் பிடித்து பிரிஞ்சாங்குக்கே வந்து, என் கடை வாசலில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் பாதிதான் புரிந்துகொண்டேன், மறுநாளே போய் மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அவளுடைய விடுதித் தோழிகள் எல்லாம் ஒரே திரையில் கூடுகிறார்கள். ஜொகூரிலிருந்து ஒருத்தி, கிள்ளானிலிருந்து ஒருத்தி. வீட்டில் சத்தமே இருக்காது, திடீரென்று சிரிப்பு மட்டும் வெடிக்கும். அத்தை காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். அவர் இப்போது அவர்களுடைய சைகை மொழியை நிறையக் கற்றுக்கொண்டுவிட்டார், என்னைவிட வேகம். போன வாரம் நான் போயிருந்தபோது, கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தோழிகள் நடுவே புகுந்து தானே ஒரு கதை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை.

“என்னா அத்த சொன்னீங்க?” என்றேன்.

“போங்க தம்பி, பொம்பளைங்க பேச்சு,” என்று சொல்லிவிட்டு மறுபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.