காதுமூடியைக் கழற்றிய கோடை

சனிக்கிழமை காலையில் எங்கள் தெரு முழுக்கப் புல்வெட்டும் மெஷின்கள் உறுமும். மற்றவர்கள் எல்லாம் உடுத்தியிருப்பதோடு அப்படியே இறங்கிவிடுவார்கள். எதிர்வீட்டு வெர்லின் மட்டும் தயாராகவே வெகு நேரம் எடுத்துக்கொள்வார்.

கராஜ் கதவைத் தூக்கிவிட்டு மடக்கு நாற்காலியில் உட்காருவார். முதலில் தடித்த ஜீன்ஸ் கால்சட்டையின் நுனியை இழுத்து விட்டுக்கொள்வார். பிறகு, முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். புல்லின் சாறு ஏறி ஏறி அதன் தோல் பச்சை நிறமாகவே ஆகிவிட்டது. முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பொத்தான். அதன் மேல் தோல் கையுறை. கன்னம் வரை இறங்கும் பாதுகாப்புக் கண்ணாடி. கடைசியில் இரண்டு காதுகளையும் கவ்விக்கொள்ளும் ஆரஞ்சு நிறக் காதுமூடி. ஜூலை வெயிலிலும் இதில் ஒன்று குறையாது.

அவருக்குப் பக்கத்து வீடு லாயிட். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, ஒரு கையில் பீர் டப்பா. அவர் புல் வெட்டும் அழகு அது.

"யோவ் வெர்லின், நிலாவுக்குக் கிளம்பிட்டியா? வரும்போது எனக்கும் ஒரு பிடி மண்ணு கொண்டா."

"உன் கால் விரலை எண்ணிப் பாத்துக்கோ லாயிட். போன வாரம் இருந்தது இந்த வாரமும் இருக்கான்னு."

"இருக்குய்யா. நகம்தான் வெட்டல. அதையும் இந்த மெஷின்லயே வெட்டிரலாம்னு பாக்குறேன்."

வெர்லின் சிரிக்க மாட்டார். காதுமூடியை இழுத்து மாட்டிக்கொள்வார். அதோடு இந்த உலகத்தின் சத்தம் அவருக்கு நின்றுவிடும்.

மெஷினைக் கிளப்புவதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. பழைய காபி டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு புல்வெளி முழுக்கக் குனிந்தபடியே நடப்பார். கூழாங்கல், ஓக் காய், சுள்ளி, எதுவானாலும் பொறுக்கி டப்பாவில் போடுவார். வெட்டும்போது யாராவது புல்லில் கால் வைத்தால் போதும், கைப்பிடியை விட்டுவிடுவார். மெஷின் செத்துப் போகும். அந்த ஆள் விலகும் வரை சிலை போல நிற்பார். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்றார்கள். யாரும் போகவில்லை. அவரும் யாரையும் கூப்பிடவில்லை.

ஆனால் நான் அவரை வேறு மாதிரிப் பார்த்தவள். ஒஹையோவின் இந்தச் சின்ன ஊருக்கு நான் குடிவந்த வருடம், வெர்லினும் லாயிட் மாதிரியே செருப்போடுதான் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் மெக்கானிக். வீட்டில் மனைவி ராண்டா, ஏழு வயது மகள் ஷெல்பி. சனிக்கிழமைகளில் அவர் பாடும் பாட்டு மெஷின் சத்தத்தையும் மீறி என் அடுக்களை வரை கேட்கும். அவ்வளவு மோசமான குரல்.

மெஷினின் பக்கவாட்டில் வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாய் ஒன்று உண்டு. அதன் மேல் ஒரு மூடி தொங்கும். ஈரப் புல் அதில் அடைத்துக்கொள்கிறது என்று எல்லாரும் அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் கழற்றாதவர்களே கிடையாது. வெர்லினும் கழற்றியிருந்தார்.

அன்றைக்கு ஷெல்பி இரண்டு கையாலும் எலுமிச்சைச் சாறு நிறைந்த தம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக, அப்பாவின் பக்கவாட்டில் வந்தாள். கூப்பிட்டும் இருக்கிறாள். மெஷினுக்கு அடியில் இருந்த ஒரு கல் அந்த வாய் வழியாகத் தெறித்தது.

அவளுடைய இடது கண் போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். வெர்லின் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்குக் காதுல விழல ராண்டா. அவ வந்தது எனக்குக் காதுல விழல." ராண்டா ஆம்புலன்ஸில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வருடம் குளிர்காலம் வருவதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு நெப்ராஸ்காவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த பூட்ஸ் வந்தது, கண்ணாடி வந்தது, கையுறை வந்தது. மூடி உள்ள புது மெஷின் வந்தது. நடக்க வேண்டியது நடந்து முடிந்த பிறகு ஒரு மனிதன் தலை முதல் கால் வரை கவசம் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவர் அந்த வீட்டை விற்கவில்லை. மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு ஆள். "சின்ன வீடா பாத்துப் போயிடலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவளுக்கு இந்த வீடுதான் தெரியும், மார்னி" என்றார்.

போன வருடம் ஈஸ்டர் அன்று அவர் தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அப்படி வந்ததே இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துச் சுருட்டிக்கொண்டு படியில் நின்றார்.

"ஷெல்பி போன் பண்ணினா."

"என்ன சொன்னா?"

"கோடையில இந்தப் பக்கமா கார்ல போவாளாம். முடிஞ்சா எட்டிப் பாக்குறேன்னா."

"எப்போ வராளாம்?"

"கேக்கல. கேட்டா வரமாட்டாளோன்னு பயம்."

அந்தக் கோடையில் அவர் வாரத்துக்கு இரண்டு முறை புல் வெட்டினார். வளராத புல்லையும் வெட்டினார். மகள் வரும்போது வீட்டு வாசல் அழகாக இருக்க வேண்டும், ஒரு கல்கூட அதில் கிடக்கக் கூடாது. அவருக்குத் தெரிந்த வரவேற்பு அது ஒன்றுதான்.

ஷெல்பி ஜூன் மாதத்தில் வந்தாள்.

நான் அடுக்களை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நெப்ராஸ்கா நம்பர் பலகையோடு ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெண், தெருவின் இடது பக்கத்தைப் பார்ப்பதற்குக் கழுத்தை முழுவதுமாகத் திருப்பினாள். ஒரு கண்ணால் உலகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள்.

வெர்லின் முதுகைக் காட்டியபடி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் நடைபாதையின் ஓரத்தில் நின்றாள். வாய் அசைந்தது. மறுபடியும் அசைந்தது. புல்லில் வைக்கத் தூக்கிய ஒரு காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நோக்கி அவள் கால் எப்படிப் போகும்?

வரிசையின் முடிவில் வெர்லின் திரும்பினார். அவர் முகம் நேராக அவளைப் பார்த்தது. பார்த்தபடியே அடுத்த வரிசையைத் தொடங்கி, அவளைக் கடந்து போனார்.

நான் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினேன். லாயிட் தன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"லாயிட், அது ஷெல்பி. அவரை நிறுத்துங்க."

லாயிட் வெறுங்காலோடு புல்லில் பாய்ந்தார். அவருடைய தொந்தி குலுங்கக் குலுங்க அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வெர்லின் உடனே கைப்பிடியை விட்டார். மெஷின் நின்றது. அவர் காதுமூடியைக் கழற்றவில்லை. ஒரு விரலை நீட்டி லாயிட்டின் காலைக் காட்டினார்.

"செருப்புகூட இல்லாம வர்ற. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஓரமாப் போ."

"யோவ், உன் பொண்ணுய்யா."

"ஓரமாப் போய் நின்னு பேசு. புல்லுல நிக்காத."

லாயிட் அந்த ஆரஞ்சு மூடியைப் பிடித்து அவர் தலையிலிருந்து பிடுங்கினார். "ஷெல்பி வந்திருக்கா, கேணப்பயலே."

வெர்லின் திரும்பிப் பார்த்தபோது கார் தெருமுனையில் வளைந்துகொண்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். அதன் உட்புறம் வியர்வை ஆவி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெளிப்புறத்தில் பச்சைத் தூசு. அதன் வழியாகக் காலடியில் இருப்பதுதான் தெரியும்; தள்ளி நின்றதெல்லாம் அவருக்கு வெறும் வெளிச்சம்.

அன்று மாலை நான் கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கராஜில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அவ நம்பர் இருக்கில்ல? கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்ல?"

"நடந்ததைத்தான்."

"நீ கூப்பிட்டது எனக்குக் காதுல விழலன்னு சொல்லணும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கும் அதைத்தானே சொன்னேன் மார்னி. அதே வார்த்தையை அவகிட்ட மறுபடியும் எந்த வாயால சொல்லுவேன்?"

பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். மற்ற எல்லாம் மாட்டியிருந்தார். காதுமூடி மட்டும் சுவரில் ஆணியில் தொங்கியது.

"அவ நின்ன இடத்துல போய் நில்லு. நான் மெஷினை ஓட்டுறேன். நீ கூப்பிடு."

போய் நின்றேன். மெஷின் உறுமியது. "வெர்லின்" என்று கத்தினேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். மறுபடி கத்தினேன். மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"கூப்பிட்டியா?"

"ரெண்டு தரம் கூப்பிட்டேன்."

"அவ கூப்பிடற மாதிரிக் கூப்பிடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதான மனிதரின் முதுகைப் பார்த்து, "அப்பா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். தன் வீட்டு வாசலில் நின்றிருந்த லாயிட் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வெர்லின் திரும்பவில்லை.

மெஷின் ஓடும் வரை, காது திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான் என்று அன்று அவருக்குப் புரிந்தது. அந்த மெஷினை அதன் பிறகு அவர் கிளப்பவில்லை.

தேவாலயத்தில் பழைய சாமான் விற்கும் நாளில் கையால் தள்ளிப் புல் வெட்டும் கைவண்டி ஒன்றை வாங்கி வந்தார். இன்ஜின் இல்லாதது. இரண்டு சக்கரம், நடுவில் சுருண்ட கத்திகள், தள்ளினால் சுற்றும். பட்டறை ஆள் அல்லவா, துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, கத்தியைத் தீட்டிவிட்டார். தள்ளும்போது அது கத்தரிக்கோல் துணி வெட்டுவது போலச் சின்னதாக ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான். குருவி கத்துவது கேட்கும். அடுத்த தெருவில் நாய் குரைப்பது கேட்கும்.

"அடுத்து என்ன, ஆடு வாங்கப் போறியா?" என்றார் லாயிட்.

"உன்னைக் கட்டி மேய்க்கலாம்னு இருக்கேன்."

முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை இப்போது காலை முழுவதையும் தின்றது. பூட்ஸும் கையுறையும் கண்ணாடியும் அப்படியே இருந்தன. ஆனால் வரிசையின் முடிவில் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தெருவைப் பார்ப்பார். கார் ஒன்று வேகம் குறைத்தால் கை நின்றுவிடும். அது அவரைத் தாண்டிப் போகும். மறுபடியும் தள்ளுவார். ஜூலை போயிற்று. ஆகஸ்டும் போயிற்று. ஒரு மனிதன் தன் முழு உயிரையும் காதில் வைத்துக்கொண்டு நடப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபரில் புல் வளர்வது நின்றுவிடும். எல்லார் வீட்டு மெஷினும் கராஜின் மூலைக்குப் போய்விட்டது. வெர்லின் மட்டும் உதிர்ந்த இலைகளின் மேல் கைவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெட்ட ஒன்றும் இல்லை. உள்ளே போனால் யார் இருக்கிறார்கள்?

நான் என் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தபோது அந்தக் கார் வந்தது.

அவள் இறங்கினாள். அதே நடைபாதை ஓரத்தில் நின்றாள். இந்த முறை கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில், "அப்பா" என்றாள்.

அவர் கை கைவண்டியிலிருந்து நழுவியது. அதன் கைப்பிடிக் கட்டை புல்லில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

"அங்கேயே இரு. நான் வரேன்" என்றார்.

பூட்ஸ் கனக்க நடந்து வந்து அவள் முன்னால் நின்றார். கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஜூன் மாசம் வந்தேன்" என்றாள் அவள். "கூப்பிட்டேன். நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டுப் போயிட்டீங்க."

அந்தப் பழைய வாக்கியம் அவர் தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். வாங்கித் தன் ஒற்றைக் கண்ணருகே பிடித்துத் தெருவைப் பார்த்தாள் ஷெல்பி. வெகு நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையே இதுல."

"ம்."

"புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்க அப்பா."

அவர் தலையாட்டினார். பிறகு, "காபி இருக்கு" என்றார்.

கார் வரும் சிமெண்டுப் பாதை வழியாக அவர் அவளை அழைத்துப் போகத் திரும்பினார். அவள் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்லிய துணிச் செருப்போடு அதில் காலை வைத்து, குறுக்காக, மெதுவாக, கையில் தம்ளர் இருப்பவள் போல நடந்தாள். வெர்லின் அந்தக் கால்களைப் பார்த்தார். ஓரமாப் போ என்று சொல்லவில்லை.

ஒரு காபி குடிக்கும் நேரம்தான் இருந்தாள். இருட்டுவதற்குள் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். மறுபடி எப்போது வருவாள் என்று அவர் கேட்டாரா, எனக்குத் தெரியாது. கார் போன பிறகு வெகு நேரம் நடைபாதையில் நின்றார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த வரிசைகளைத் தள்ளி முடித்தார்.

அவள் நடந்து போன அந்தக் குறுக்குப் பட்டையில் மட்டும் அவர் கைவண்டியை ஏற்றவில்லை. பனி விழுந்து மூடும் வரை அங்கே இலைகள் அவள் மிதித்தபடியே கிடந்தன. காதுமூடி இன்றும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது.