தமாமுக்குப் பறந்த இரண்டு வாரம்

“ஏரோப்ளேன் சத்தம் கேட்டா மொட்டமாடிக்கு ஓடுறதுங்க, ஏரோப்ளேன் கம்பெனி நடத்தப் போவுதுங்களாம்” என்று பம்மலில் எங்கள் தெருமுனை ‘பிரவுசிங் சென்டர்’ அண்ணா சொன்னபோது, சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் பின்பக்கத்துத் தோல் தொழிற்சாலையின் நாற்றமும் கலந்த அந்தச் சின்ன அறையில், ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்திருந்த பாத்திமாவும் நானும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இணையத்தில் விமான நிறுவனம் நடத்தும் விளையாட்டு அது. தொடங்குபவருக்கு ஒரு சின்ன விமானம் வாடகைக்குத் தருவார்கள். வழித்தடமும் நேரமும் குறித்துவிட்டு வந்தால் வாரம் முழுக்க அது தானாகப் பறந்துகொண்டிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளான எங்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம்.

எங்களுக்குத் தெரிந்த வண்டி ‘ஷேர் ஆட்டோ’தான். கைகாட்டிய இடத்தில் எல்லாம் நின்றால்தான் ஆள் ஏறும் என்று நம்பி, திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று ஒரே விமானத்தை ஊர் ஊராக இறக்கி ஏற்றினோம். ஒவ்வொரு ஊரிலும் நேரம் தப்பி, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பயணிகளில் பாதிப் பேர் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தார்கள். “பல்லாவரத்துலகூட இத்தினி நேரம் நிக்க மாட்டான்டி” என்றாள் பாத்திமா.

அப்புறம்தான் விளையாட்டின் ஆங்கில உதவிப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டே ஊர், தினமும் அதே நேரம். ஒரே வகை விமானம். இருப்பது நிறையாமல் அடுத்ததை எடுக்காதே. பெரிய விமானத்தைத் தொடவே தொடாதே. அப்பா கைநாட்டு, அம்மா பேருந்து எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவாள். அந்த வீட்டில் பிறந்த நான் படித்து எழுதிய விதிகள் என்பதால் அவற்றின்மேல் எனக்கு ஒரு திமிரே இருந்தது. விதிகள் பலித்தன. மதுரை விமானம் நிறைந்தது, கோவைக்கு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று.

பாத்திமாவுக்கு மதுரையும் கோவையும் பொருட்டில்லை. அப்பாவை அவள் அத்தா என்பாள். அவர் சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. “எங்கத்தா கீற ஊருக்குப் போவாத கம்பெனி இன்னாத்துக்குடி?” என்று வாராவாரம் கேட்பாள். நான் நோட்டைக் காட்டுவேன்.

காலாண்டுத் தேர்வு சமயம் எனக்கு அம்மை போட்டு இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது வாரம் திறந்து பார்த்தால் பட்டியலில் ஒரு பெரிய விமானம், சென்னை–தமாம், தினசரி. முக்கால்வாசி இருக்கைகள் காலி. மூன்று சின்ன விமானங்களும் சம்பாதித்ததை அது ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் நிறுவனம் மூடப்படும் என்று சிவப்பில் எழுதியிருந்தது.

பாத்திமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “பெருநாளைக்கு வர்றேன்னு அத்தா போன்ல சொல்லிகீறாரு. அதுவரைக்கும் ஓடட்டும்டி.”

“நென்ச்சாப்புல ஓட்ட இது இன்னா உங்க வூட்டு ஆட்டோவா?” என்றேன். சென்டர் அண்ணா சிரித்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வழித்தடத்தை நீக்கினேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

நிறுவனம் பிழைத்தது. பெருநாளுக்கு அவள் அத்தா வரவில்லை. முதலாளி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை என்றார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாற்காலி முழுவதும் எனக்கே இருந்தது. பத்தாவது முடிந்த மறுவருடமே அவளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போய்வந்த அம்மா, “ஒன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே அந்தப் பொண்ணு” என்றாள். நான் ஒரு விதியையும் மீறாமல் பன்னிரண்டு விமானங்கள்வரை கொண்டுபோயிருந்தேன்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். தோல் தொழிற்சாலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்த விளையாட்டின் தளம் திறப்பதே இல்லை. பன்னிரண்டு விமானங்களும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. குரோம்பேட்டையில் பொறியியல் முடித்த நான் சரக்கு லாரிகளுக்கு நேர அட்டவணை போடுகிறேன், கெட்டிக்காரி என்ற பெயரும் இருக்கிறது. அன்று நான் கணக்கிட்டது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இழக்கவிருந்தது ஒரு விளையாட்டு மட்டுமே என்பது என் நோட்டில் எங்கும் எழுதப்படவில்லை.

பாத்திமாவின் எண்ணை அவள் தங்கையிடம் வாங்கிப் போன வாரம் அழைத்தேன். யாரென்று சொன்னேன். “ஞாயித்துக்கெழம வூட்லதான் இருப்பேன்” என்று மட்டும் சொன்னாள். ஆம்பூருக்குக் காலை ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.