சோடாக் கம்பெனிக் கொட்டகையில் ஒரு எம்.எஸ்ஸி.

கண்ணாடிக் குழாய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மதராஸிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் ரயிலில் கண்மூடாமல் வந்தவன் ஆவூர் மைக்கேல்சாமி. இன்னொருவன் உண்டென்றால் கூட்டிவந்து காட்டட்டும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று 1942 ஏப்ரலில் பட்டணமே காலியானபோது ஜனங்கள் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். இவன் வைக்கோல் திணித்த கூடையோடு வந்தான்.

அவன் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி மாணவன். என்ன ஆராய்ச்சி என்பதைப் பெரிய வார்த்தை போடாமலே சொல்லிவிடலாம். குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து இழுத்துவிட்டு, மிஞ்சிய சொற்பக் காற்றில் மின்சாரம் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். அந்த ஒளிக்கும் உள்ளே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் விரற்கடை அளவு இருட்டு விழும். காற்று குறையக் குறைய இருட்டு நீளும். அதன் நீளத்தைச் சின்னத் தொலைநோக்கியில் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். முந்நூறு அளவுகள் அக்டோபருக்குள் வந்து சேராவிட்டால் அவனுடைய இடம் ரத்தாகும் என்று புரொபசர் எழுதியிருந்தார்.

புதுக்கோட்டையில் குழாயை வைக்க இடம் கொடுத்தவன் நாகராசு. மைக்கேலோடு படித்தவன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை உதறியவன். யார் தயவும் இல்லாமல் சொந்தக் கையால் சோடாக் கம்பெனி நடத்தினான். அவன் போடும் கலர் சோடாவுக்குத் திருமயத்திலிருந்து ஆள் வரும். பின்கொட்டகையை ஒழித்துக் கொடுத்தான். பெட்ரோல் கிடைக்காமல் நின்றுபோன ஒரு பஸ்ஸின் பாட்டரியையும் சொல்லி வாங்கித் தந்தான்.

ஒளி தெரிய வேண்டுமென்று ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. மேலே தகரம், மே மாத வெயில். மைக்கேல் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான், எழுதுவான், மறுபடி பார்ப்பான். தினமும் குழாயின் மூட்டில் எங்காவது காற்று உள்ளே ஒழுகும். மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கிப் பூசுவான். பூசியதன்மேலேயே மறுநாள் பூசுவான். சுரண்டி எடுத்துவிட்டுப் பூசத் தெம்பில்லை. தாயார் அருளம்மாள் ஆவூரிலிருந்து சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காத்திருக்கிறதென்று. அதற்குப் பதில் சொல்லவும் அவனுக்கு அலுப்பாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் இருநூற்றுத் தொண்ணூறு அளவுகள் ஆயின. அன்றைக்கு நாகராசு சோடா கொடுக்க உள்ளே வந்தான். ஆரம்பத்தில் ஒருதரம் பார்த்ததற்குப் பிறகு அவன் குழாய்ப் பக்கமே வந்ததில்லை.

"என்னடா மைக்கேலு, கலரை மாத்திப்புட்டியா?"

மைக்கேல் தலை தூக்கவில்லை. அதே கலர்தான் என்றான்.

"எங்கிட்டயா? கலர் போட்டே பொழைக்கிறவன்டா நான். அன்னிக்கு ரோஸ் கலர்ல இருந்துச்சு. இப்ப கழுநீரு மாதிரியில்ல இருக்கு."

மைக்கேல் தொலைநோக்கியை விட்டு எழுந்து எட்டி நின்று பார்த்தான். சிவப்பு இல்லை, வெளிறிய சாம்பல். ஈரத் துணியை மெழுகின்மேல் சுற்றினான். மெழுகு குளிரக் குளிர லேசாகச் சிவப்பு ஏறியது. துணியை எடுத்தான், சாம்பல் திரும்பியது. அடை அடையாகப் பூசிய மெழுகு சூட்டில் ஆவி விட்டுக் குழாயை நிறைத்திருக்கிறது. தினம் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. நோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து அளவு கெட ஆரம்பித்தது என்று தெரியாததால் அத்தனையும் கெட்டதுதான்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாகராசு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தான்.

"நோட்டுல கலரா தெரியப்போவுது? பேசாம அனுப்பிட்டு ஊட்டுக்குப் போயி ஒறங்கு."

"அனுப்பிரலாம். காத்தோட இருட்டை அளந்தேனா, மெழுகோட இருட்டை அளந்தேனான்னு எனக்கே தெரியலடா. அதுல எப்புடிக் கையெழுத்துப் போடுறது?"

நாகராசு காலிப் புட்டியை வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

மைக்கேல் புரொபசருக்கு ஒரு கார்டில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினான்: அளவுகள் அத்தனையும் பிழை, ஆறு மாதம் தவணை வேண்டும், முடியாதென்றால் பெயரை எடுத்துவிடலாம். தபாலில் போட்டுவிட்டு வந்து, பேனாக்கத்தியால் மெழுகைச் சுரண்ட உட்கார்ந்தான். அதற்கே மூன்று நாள் பிடித்தது.

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்று மாதந்தான், ஒருநாள் கூடக் கிடையாது என்று இருந்தது. அதைப் படித்தபோது புது நோட்டில் பதினோரு அளவுகள் இருந்தன. கார்டை மடித்து அதற்குள் செருகிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தொலைநோக்கியில் குனிந்தான்.