சதுப்பு நிலத்தில் ஏழு பேர்ச்சஸ்

சித்திரை விடுமுறையின் மூன்றாம் நாள், காலை ஆறரைக்குப் பதுளையில் கொழும்பு பஸ் ஏறினேன். பெரகலவுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் இருநூற்றிருபது ரூபாய். கொஸ்லந்தைக்குக் கீழே ஒரு சதுப்பு இருக்கிறது, அங்கே வாய்க்கால்களும் அல்லியும் கொக்கும் நாரையும் கண்கொள்ளாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவர் ஆசை காட்டியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்ததிலிருந்து மலையைப் பார்த்தே கழுத்து வலித்துவிட்டது. சமதரையில் கொஞ்சம் தண்ணீர் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையில் குடை, கழுத்தில் இரவல் வாங்கிய தூரநோக்கி.

8.45, பெரகல சந்தி. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து தேநீர் குடித்தேன். பக்கத்து மரவாங்கில் உட்கார்ந்து ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் சாக்கில் சுற்றிய மம்பட்டி. அவள் பையில் தேங்காய், கற்பூரம்.

"கோயிலுக்கோ போறியள்?" என்று கேட்டேன்.

"இல்லங்க டீச்சர், காணி பாக்கப் போறோம்" என்றாள் அவள். என்னைப் பார்த்தாலே டீச்சர் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும் போல.

அவள் பெயர் புஷ்பம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கணவர் சிவலிங்கம், அதே தோட்டத்தில் வேலை. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறதாம், எப்போதும் சரியலாமாம். இருக்கக் கூடாது, எழும்புங்கள் என்று அதிகாரிகள் சொல்லி, வீடு கட்டிக்கொள்ள ஏழு பேர்ச்சஸ் காணி, ஒரு சின்ன வீடும் முற்றமும் கொள்ளும் அளவு, காட்டியிருக்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று மறுநாள் சொல்லியாக வேண்டும். எங்கே காணி என்று கேட்டேன். நான் கொக்கு பார்க்கப் போகும் அதே சதுப்பு.

ஒரே பஸ்ஸில் போனோம். மீரியபெத்தவுக்குத் திரும்பும் இடம் வந்தபோது புஷ்பம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இவ அக்கா அங்கதாங்க வாக்கப்பட்டுப் போனா. மலை சரிஞ்சு மண்ணு மூடுனதுல இன்னும் எடுக்கல" என்று சிவலிங்கம் மெதுவாகச் சொன்னார்.

10.20. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. ஒரு மைல் வயல் வரம்பில் நடந்தோம். அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கைவிட்ட வயல்களுக்கிடையே வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. மீதியில் அல்லி பூத்திருந்தது. தூரநோக்கியை எடுத்தேன். வெள்ளைக் கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. அது நின்றது சிவப்பு மை பூசிய எல்லைக் கட்டையின் மேல். கட்டையின் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

"அதாங்க நம்ம காணி" என்றார் சிவலிங்கம்.

தூரநோக்கியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். வெட்கமாக இருந்தது.

கட்டைகளுக்கு நடுவே மேடாகத் தெரிந்த இடத்தில் அவர் வெட்ட ஆரம்பித்தார். மனை பார்க்க அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முழங்கால் ஆழக் குழி வெட்டி, அதே மண்ணைத் திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் குடும்பம் தழைக்கும், குறைந்தால் ஆகாது. ஒரு முழம் வெட்டுவதற்குள் குழியில் தண்ணீர் ஊறியது. போட்ட மண் சேறாகிக் கரைந்தது. மிஞ்சியதா குறைந்ததா என்று யார் சொல்வது?

சிவலிங்கம் மம்பட்டியை எறிந்தார். "வீடு கட்ட எடம் கேட்டா வயலக் காட்டுறானுங்க! இங்கருந்து விடியக்காலம் எப்புடி தோட்டத்துப் பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுக்குறது? வா புள்ள, போவோம்."

புஷ்பம் அசையவில்லை. குழிக்கு முன்னால் குந்தி, கற்பூரத்தை ஒரு கல்லில் வைத்தாள். காற்றுக்கு நெருப்பு நிற்கவில்லை. நான் குடையைச் சாய்த்துப் பிடித்தேன். தேங்காயை உடைத்தாள், அந்தத் தண்ணீரும் குழித் தண்ணீரோடு போயிற்று.

"ஏங்க, தண்ணி வந்தா கால்ல படும். எந்திரிச்சு புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடலாம். எங்க அக்காளுக்கு ஓட நேரம் இருந்துச்சா?"

சிவலிங்கம் மம்பட்டியை எடுத்து வாய்க்காலில் கழுவினார்.

3.40க்குத் திரும்பும் பஸ். கொஸ்லந்தை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கண்ணாடியைச் சாத்த, புஷ்பம் மட்டும் திறந்தாள்.

"நனையப் போறியள், சாத்துங்கோ" என்றேன்.

"மலை சத்தம் கேக்கணுங்க டீச்சர். மழ பேஞ்சா எங்க லயத்துல யாருமே கதவத் தாழ் போட மாட்டோம். புள்ளைக செருப்போடதான் படுக்கும்."

"காணிக்கு ஓமெண்டு சொன்னால் எப்ப வீடு வரும்?"

"அது யாருக்குங்க தெரியும்?"

அவர்கள் தோட்டத்துச் சந்தியில் இறங்கினார்கள். சிவலிங்கம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டார். புஷ்பம் சேறான சேலையோடு, மேலே பார்த்துக்கொண்டே ஏறினாள்.

பதுளையிலும் மழை. என் வீடும் மலையடிவாரம்தான். அன்றுவரை அதை நினைத்ததே இல்லை. உள்ளே வந்ததும் வழக்கம்போல் கை தானாகப் போய்க் கதவைத் தாழிட்டது. திரும்பிப் போய்த் தாழைத் திறந்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.