கடைசிப் படமும் கறுப்பு மூடியும்

சித்தப்பாவின் கேமரா உறையை மூக்கருகே கொண்டுபோனால் தோல் வாசனையோடு உப்பங்காற்றின் ஈர நெடியும் சேர்ந்து வரும். ஆரோவில்லில் தச்சு வேலை பார்த்த அவருக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஃபிலிம் கேமரா அது. அதன் சன்னலில் எதிரே நிற்பவர் இரண்டிரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே அமுக்க வேண்டும். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால், லென்ஸ் மூடியிருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

அக்காவைப் பெண் கேட்டிருந்த திண்டிவனத்துக்காரர்களுக்குப் போட்டோ அனுப்ப வேண்டியிருந்தது. ரோலில் மிச்சம் ஒரே படம். அக்கா உப்பள வேலை முடித்துக் கரையேறவே சாயங்காலமாகிவிட்டது. "உப்பளம் தெரியக் கூடாது" என்று அம்மா வேறு கறாராகச் சொல்லியிருந்தாள். சித்தப்பா நீள லென்ஸை மாட்டி, "லென்ஸோட உள்வாயை முழுசா தொறந்து வச்சிட்டா வெளிச்சமும் பத்தும், பின்னால இருக்குறதும் கரைஞ்சிடும். ஆனா மூஞ்சி கொஞ்சம் அசைஞ்சாலும் போச்சு" என்றார். அவர் எதிரே அக்கா வெட்கத்தில் கட்டையாக நின்றதால், பதினொரு வயது என்னிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு உப்புக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டார். அக்காவின் கண்கள் நாலாகி, திரும்ப இரண்டாயின. அமுக்கினேன்.

காலில் குத்திய உப்புக்கல்லை எடுக்கக் கேமராவை வரப்பில் வைத்தேன். திரும்ப எடுத்தபோது லென்ஸில் மூடி இருந்தது.

மூடியைக் கழற்றாமலே எடுத்துத் தொலைத்தேன் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அக்கா கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பேர் எனக்குத்தான் வரப்போகிறது. மாரியம்மனுக்கு ஒரு படி உப்பு நேர்ந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்.

புதுச்சேரியில் கழுவி வந்த படத்தைச் சித்தப்பா நீட்டினார். "நல்லா விழுந்திருக்குது."

அக்காவின் கண்கள் மட்டும் அத்தனை தெளிவு. பின்னால் உப்பளம் வெறும் வெள்ளையாகக் கரைந்திருந்தது. நான் ஓவென்று அழுததில் விஷயம் வெளியே வந்தது. அக்கா சிரித்தாள்.

"நான்தான்டி மூடுனேன், உப்பங்காத்து படுமேன்னு."

குடமோ ரேடியோவோ, எது திறந்து கிடந்தாலும் எங்கள் வீட்டுக் கைகள் தாமாகப் போய் மூடிவிடும்.

இன்று அக்கா மகள் செல்போனை ஒரு தட்டுத் தட்டிப் பின்னணியைக் கரைக்கிறாள். படம் "விழுந்துதா" என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு வாரக் காத்திருப்போடு அந்தச் சொல்லும் போய்விட்டது. திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மட்டும் இன்னும் தொங்குகிறது. அங்கே போகும்போதெல்லாம் அக்காவைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன். விழுந்திருக்கிறது.