ரெண்டு வாரம் ஆகும்

மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்புக் காகிதக் கவர் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மீன் வாடை இன்னும் போகவில்லை. மேலே பச்சை மையில் டாக்டரம்மாவின் கோணல் எழுத்து: 'ரெண்டு வாரம் ஆகும். நிறுத்தாதே. குமட்டினாலும் வா.' மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மீனவக் குப்பங்களுக்கான ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னல் என்னுடையது. இந்தக் கவரைத் தூக்கிப்போடச் சொன்னவர்கள் உண்டு. போடமாட்டேன்.

மீன் விற்கும் அக்கா ஒருத்தி வாரம் தவறாமல் வருவாள். "ஒடம்பெல்லாம் நோவுது, ஊசி போடச் சொல்லும்மா. ரெண்டு நாளு நல்லாகீது, அப்பால அதே பேஜாரு" என்பாள். வந்துபோன டாக்டர்கள் எல்லோரும் சத்து ஊசியும் மூன்று நாளைக்கு வலி மாத்திரையும் எழுதினார்கள். நானும் கொடுத்தேன். "உனக்கு ஊசிப் பைத்தியம்க்கா" என்று கேலி வேறு செய்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

புதிதாக வந்த டாக்டரம்மா ஊசி எழுதவில்லை. தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, எதிலாவது மனசு ஒட்டுகிறதா என்று கேட்டார். அப்புறம் குரலை ஏற்றாமல், இறக்காமல், "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றார். கையெழுத்து வாங்கப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடாதா? அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தெனம் தோணுது. யாரும் கேக்கலம்மா" என்றாள்.

செங்கல்பட்டுக்கு மனநல டாக்டரிடம் போகச் சொன்னதற்கு அக்கா எழுந்தே விட்டாள். "பைத்தியம்னு பேரு வெச்சிட்டா எம் பொண்ண யாரு கட்டுவான்?" டாக்டரம்மா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சரி, இங்கயே பாப்போம். இத எனக்குப் படிக்கிறப்போ ஒழுங்கா சொல்லித் தரலம்மா. தெரிஞ்சவங்களக் கேட்டுச் செய்றேன்" என்று சொல்லி, அவள் எதிரிலேயே செங்கல்பட்டு டாக்டருக்குப் போன் போட்டு என்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். நோயாளி முன்னால் 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதி, மாத்திரையை மகள் கையில் வைத்திருக்கச் சொன்னார்.

காய்ச்சல் மாத்திரை போல நானும் ஒன்றும் விளக்காமல் நீட்டிவிட்டேன். மறுவாரம் அக்கா வரவில்லை. டாக்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்கே போனார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் அக்கா. "நாலு நாளு போட்டேன். கொமட்டிக்கினு வந்துச்சி, ஒண்ணும் கேக்கல" என்றாள். நான் திட்ட வாயெடுத்தேன். "அவங்க மேல தப்பில்ல. இது வேலை செய்ய ரெண்டு வாரத்துக்கு மேலயும் ஆகும்னு நானும் சொல்லல, நீங்களும் சொல்லல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கவரை வாங்கி அதன் மேல் எழுதினார் டாக்டரம்மா.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் மனநல வைத்தியமெல்லாம் இங்கே எதற்கு, செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே என்றார். "அவங்க வர்றது இங்கதான் சார். அப்போ வைத்தியமும் இங்கதான்" என்றார் டாக்டரம்மா. அதிகாரியின் முகம் சிவந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதற்குள் அக்கா தூங்க ஆரம்பித்திருந்தாள், வஞ்சிரத்துக்கு விலை பேசிச் சண்டையும் போட ஆரம்பித்திருந்தாள். பல மாதம் கழித்து மாத்திரை முடிந்த அன்று கவரை என் ஜன்னலில் வைத்து, "நீயே வெச்சிக்க. மறந்துடப் போற" என்று சிரித்தாள்.

டாக்டரம்மா கருங்குழிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். போன வாரம் அக்கா தன் குப்பத்து இளம்பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை. புது டாக்டர் எழுதிய சீட்டை அக்கா நீட்டினாள். சத்து ஊசி, வலி மாத்திரை, மூன்று நாள்.

"இவ தூங்கி மாசக்கணக்காவுது. புள்ளயப் பாத்தாலே அழுவுறா" என்றாள் அக்கா. "ஊசி வாணாம். டாக்டரம்மா என்னக் கேட்டாங்களே, அத இவளக் கேக்கச் சொல்லு."

ஜன்னலைச் சாத்தினேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். இழுப்பறையிலிருந்த கவரையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றேன். "நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"