மூன்றாவது இலை

ஆடி அமாவாசை அன்று எங்கள் வீட்டில் மூன்று இலை போடுவார்கள். தாத்தாவுக்கு ஒன்று, சின்ன வயதில் போன அத்தைக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. படையல் முடிந்ததும் அப்பா மூன்று இலைகளிலிருந்தும் சோறு எடுத்து, மொட்டைமாடிச் சுவரில் தனித்தனி உருண்டையாக வைத்துக் கூப்பிடுவார். காக்கைகள் தாத்தா பங்கைத் தின்னும், அத்தை பங்கைத் தின்னும். அண்ணன் பங்கைத் தொடாது. ஒரு வருஷம் இல்லை, நான் பார்த்த எல்லா வருஷமும். "கோவக்காரன்" என்பார் அப்பா. அம்மா கீழே இறங்கிவிடுவாள். வெயில் ஏற ஏற அந்த உருண்டை காய்ந்து வெடிப்பதை நான் நின்று பார்ப்பேன்.

அண்ணன் ரயிலில் அடிபட்டுச் செத்தான் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, ஹாஸ்டலில் இருந்தேன். லீவுக்கு செகந்திராபாத் வந்தபோது படத்துக்கு மாலை ஏறியிருந்தது. அப்பா பட்டாளத்து மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தவர், அம்மாவுக்குக் கையெழுத்து வராது. அண்ணனை ஐந்தாவதோடு நிறுத்தி மோட்டார் ரிப்பேர் கடையில் விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் கேள்வி கேட்கப் பழகிய நான் இதை மட்டும் கேட்கவேயில்லை.

போன வருஷம், தார்நாகாவில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. பக்கத்து உப்பலில் ஒரு ஷெட்டில் செம்புச் சுருள் மாற்றிக் கட்டக் கொடுத்திருந்தார்கள். வாங்கிவர என்னை அனுப்பினார்கள். நல்ல மத்தியானம். தகரக் கூரைக்குக் கீழே வார்னிஷ் வாடை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சீட்டை நீட்டினேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"சின்னவனே, ரேடியோவைத் தண்ணித் தொட்டியில போட்டது நீதான்னு அப்பாகிட்ட இப்பவாச்சும் சொன்னியா?"

என்னைச் சின்னவன் என்பது வீட்டில் மட்டும்தான். ரேடியோ விஷயம் எனக்கும் செத்துப்போனவனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த அடியை வாங்கியது அவன். சீட்டு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் நிமிர்ந்தாள். மாலை போட்ட படத்திலிருந்த முகம், பொட்டு வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே சுருக்கத்தோடு என்னைப் பார்த்தது. அந்த முகத்துக்கும் வயதாகும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"பயப்படாத. கால் தரையிலதான் இருக்கு, பாரு." சேலையைக் கொஞ்சம் தூக்கி ரப்பர் செருப்பைக் காட்டினாள். "நீ உள்ள வரும்போதே தெரிஞ்சுபோச்சு. அப்பா நடை அப்படியே."

'நான் பெண்' என்று அவள் வீட்டில் சொன்ன அன்று அப்பா வெளியே தள்ளினாராம். மறுநாளே மாலை வாங்கினாராம். தெருக்காரர்கள் துக்கம் கேட்டுவிட்டுப் போனதையும், வருஷா வருஷம் இலை போடுவதையும் ஒரு பழைய பக்கத்துவீட்டுக்காரி வந்து சொன்னாளாம்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். 'அக்கா' என்று வாயில் வர மூன்று சனிக்கிழமை ஆனது.

அந்தச் சமயத்தில் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் திருநங்கைகளைப் பற்றிய பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த உடம்பை யாராலும் மாற்ற முடியாது என்றார் ஒருவர். அவர்கள் சொல்வதை நம்புவதில் நமக்கென்ன நஷ்டம் என்றார் இன்னொருவர். கூட வேலை செய்யும் ஒரு பெண், "சின்ன வயசுல நான் முடியை ஒட்ட வெட்டிக்கிட்டுக் கிரிக்கெட் ஆடினேன். உடனே என்னைப் பையன்னு முடிவு பண்ணியிருந்தா? ஆம்பளைன்னா இப்படி, பொம்பளைன்னா அப்படிங்கற கட்டம்தானே தப்பு?" என்றாள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. அடுத்த சனிக்கிழமை அதை அப்படியே கொண்டுபோய்க் கேட்டேன்.

"எனக்குச் சமைக்க வராது. கோலம் வராது. மோட்டாரைப் பிரிக்கத்தான் பிடிக்கும். அப்பவும் இப்பவும்," என்றாள் அக்கா.

"அதைத்தான் கேக்கறேன். இதையெல்லாம் ஆம்பளையாவே இருந்து செஞ்சிருக்கலாமே?"

"எதிர் ஷெட்ல லேத் மெஷின் ஓட்டுதே ஒரு அம்மா, அதுகிட்டப் போய் இதையே கேளு. செருப்பைக் கழட்டும்." சிரித்தாள். பிறகு, "விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாதுடா. நீ படிச்சவன், தேடு," என்றாள்.

ஆடி பிறந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"இந்த வருஷம் எனக்கு இலை நக்கோ, வேண்டாம்னு சொல்லுடா. அன்னிக்குக் காலையில இருந்தே சோறு இறங்காது. விரல் மரத்துப்போகும், கம்பியைப் பிடிக்க வராது. உயிரோட இருக்கறவளுக்குப் படைச்சா ஆயுசு தேயும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா என்னை அனுப்பறாங்க."

எல்லாம் மனப்பிரமை என்று சொல்ல வாயெடுத்தேன். காய்ந்து வெடித்த உருண்டை கண்ணில் வந்து நின்றது.

வீட்டில், "உப்பல்ல பார்த்தேன்," என்றேன். அப்பா டிவியைச் சத்தமாக வைத்தார். "செத்தவனை எப்படிப் பார்ப்ப?" கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். "நானும் மார்க்கெட்ல நாலு தடவை பார்த்திருக்கேன். கூப்பிடல."

"அப்புறம் எதுக்கும்மா இலை?"

"வேற எந்த நாள்ல அவனுக்குப் பிடிச்சதை ஆக்கறது? அந்த ஒரு நாள்தான் உங்கப்பா தடுக்கறதில்ல."

அமாவாசை அன்று வத்தக்குழம்பும் சேப்பங்கிழங்கு வறுவலும் செய்தாள். படைப்பதற்கு முன்னாலேயே ஒரு டப்பாவில் எடுத்து மூடி என் கையில் கொடுத்தாள். தரையில் இரண்டே இலை போட்டாள். அப்பா வந்தார். மூன்றாவது இலை இருக்கவேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சூடம் ஏற்றினார். இரண்டு உருண்டையோடு மாடிக்குப் போனார். நான் டப்பாவோடு படியிறங்கும்போது மேலே காக்கைகளின் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் அப்பாவின் குரல். அண்ணனின் பழைய பேரைச் சொல்லி, விளையாடும் பிள்ளையைச் சோறு உண்ணக் கூப்பிடுவதுபோல, ஒரே ஒரு தடவை. கீழே அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உப்பலில் அக்கா டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "படைச்சதா?"

"இல்ல. சட்டியிலிருந்து நேரா எடுத்தது."

"இலை?"

"போடல."

சோற்றைப் பிசைந்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்புறம்..." என்று இழுத்தேன்.

"எதையோ முழுங்கறியே. என்னடா?"

"அப்பா கூப்பிட்டாரு."

"என்னன்னு?"

"பழைய பேர்ல."

கை நின்றது. விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"சின்ன வயசுலயே அந்தப் பேரைக் கூப்பிட்டா, என் பின்னாடி வேற யாரோ நிக்கற மாதிரி இருக்கும். திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்," என்றாள். "அவனைத்தான் கூப்பிடறாரு. என்னை இல்ல."

பிறகு சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல், விரலை நக்கிச் சாப்பிட்டாள். திறந்த ஷெட் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான்தான் அவள் தோளுக்கு மேலாக, வெயிலைத் தவிர ஒன்றுமில்லாத அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.